நாம் கேட்கும் பாட்டும் நம்மைக் கேட்கும் பாட்டும்



நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் பெயரைச் சொன்னவுடன் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. உமறுப் புலவர் என்றால் சீறாப்புராணம். அதிலும் பள்ளிப் பாடநூலில் வந்த மானுக்குப் பிணை நின்ற படலம். குணங்குடி மஸ்தான் சாகிபு என்றால் பராபரக்கண்ணி. இமாம் பூஸிரி என்றால் புர்தா ஷரீஃபில் எல்லோரும் சேர்ந்து ஓதும் ஸலவாத்து. ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் எழுதியதும் பாடியதும் கடைசியில் ஒரு பாட்டாகச் சுருங்கி நம் கையில் நிற்கின்றன. புகழ் பெற்றவர்களின் புகழ் பெறாத பாடல்களைப் பற்றிச் சில செய்திகளை இங்கே கூற விரும்புகிறேன். நம் சமுதாயம் எதை நினைவில் வைத்தது, எதைக் கைவிட்டது என்பதில் நமக்குப் படிப்பினை இருக்கிறது.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கவிதைக்கு மார்க்கத்தில் இடமுண்டா எனச் சிலர் கேட்பர். திருக்குர்ஆனின் 26ஆவது அத்தியாயத்தின் பெயரே 'அஷ்ஷுஅரா' (கவிஞர்கள்) என்பதாகும். அதன் இறுதி வசனங்கள் வழி தவறிய கவிஞர்களைக் கண்டித்துவிட்டு, ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து இறைவனை அதிகம் நினைவுகூர்வோருக்கு விலக்கு அளிக்கின்றன. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவி பாடுவதற்காக மஸ்ஜிதுந் நபவியில் மிம்பர் அமைக்கப்பட்டதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. ஆகவே, சொல் நல்லதாக இருந்தால் கவிதையும் நல்லதே. இசைக்கருவிகளைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இக்கட்டுரையின் பேச்சு சொற்களைப் பற்றியது, கருவிகளைப் பற்றியதன்று.

இமாம் பூஸிரி அவர்கள் 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்தவர். அவர்களின் புர்தா உலகெங்கும் ஓதப்படுகிறது. தமிழகத்திலும் அது நுழையாத முஸ்லிம் ஊர் அரிது. அதே இமாம் நானூறுக்கும் மேற்பட்ட அடிகளில் 'ஹம்ஸிய்யா' என்னும் நெடுங்கவிதை ஒன்றையும் இயற்றினார்கள். மதரஸாவில் பயின்றோரை விடுத்துக் கேட்டால் அப்பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? இதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி புர்தாவுக்குள்ளேயே இருக்கிறது. அது பத்துப் பிரிவுகளைக் கொண்டது. அவற்றுள் இரண்டாம் பிரிவு முழுவதும் நஃப்ஸின் இச்சையைப் பற்றிய எச்சரிக்கை. மனிதனின் மனத்தைப் பால்குடி மறக்காத குழந்தைக்கு அங்கே ஒப்பிடுகிறார்கள். நிறுத்தினால்தான் அது நிற்கும். விட்டால் வளர்ந்த பிறகும் விடாது. நம் மஜ்லிஸ்களில் குரல் ஓங்கி ஒலிப்பதோ ஸலவாத்தின்போதுதான். நஃப்ஸைக் கண்டிக்கும் அடிகள் வரும்போது ஓதுபவர் மட்டுமே ஓதிக்கொண்டிருப்பார்.

இனி, தமிழுக்கு வருவோம். உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டில் இயற்றிய சீறாப்புராணம் 5027 பாடல்களைக் கொண்டது. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று பெரும் பகுதிகள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் அது சொல்லி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பின்னர் பனீ அஹ்மது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார். சின்னச் சீறாவை வாசித்த வீடுகள் மிகச் சில. உமறுப் புலவருக்கே 'முதுமொழி மாலை' என்று வேறொரு நூலும் உண்டு. அவர் பெயரில் 'சீதக்காதி நொண்டி நாடகம்' என்ற நூலும் வழங்கிவருகிறது. இந்நாடகத்தின் தலைவன் ஒரு திருடன். தகாத வழியில் பொருளை இழந்து, செஞ்சியில் தங்கியிருந்த முகலாயப் படையின் குதிரையைத் திருட முயன்று பிடிபட்டு, கை கால் இழக்கிறான். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவனை ஆதரிக்கிறார். அவன் இஸ்லாத்தைத் தழுவி, மக்காவை நோக்கிப் பயணமாகி, இறையருளால் உறுப்புகளைத் திரும்பப் பெறுகிறான். ஒரு பாவியின் தவ்பாவையே கதையாக்கிய நூல் இது. காப்பியத்தை மேடையில் புகழ்ந்த நாம், திருடன் தன் வாயாலேயே தன் குற்றத்தைச் சொல்லும் இந்த நாடகத்தை ஆய்வாளர்களிடம் விட்டுவிட்டோம்.

இந்த வரலாற்றில் நம் திருச்சிராப்பள்ளிக்கும் ஓர் இடம் உண்டு. காவிரிக்கு வடக்கே ஸ்ரீரங்கம் கோயிலில் தந்தச் சிலையாக இன்றும் நிற்கிறாரே விஜயரங்க சொக்கநாத நாயக்கர், அவர் காலத்தை ஒட்டித் திருச்சி அரசில் பணிபுரிந்தவர் தாயுமானவர். மலைக்கோட்டையின் பெருமானுடைய பெயரையே தாங்கியவர். இரண்டிரண்டு அடிகளாக இறைவனை விளித்துப் பாடும் கண்ணி என்னும் வடிவத்தில் அவர் பராபரக்கண்ணியும் எந்நாட்கண்ணியும் பாடினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் என்ற இளைஞர் இந்த ஊருக்கு வந்தார். கீழக்கரையில் தைக்கா சாகிபு அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றவர் அவர். 1813ஆம் ஆண்டில் திருச்சியில் மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் பைஅத் பெற்று ஞானவழியில் இறங்கினார். அவரையே நாம் குணங்குடி மஸ்தான் சாகிபு என்கிறோம்.

அன்றைய திருச்சி நத்தர்வலி தர்காவால் பெயர் பெற்ற ஊர். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் அடக்கத்தலமும் அந்த வளாகத்தில்தான் உள்ளது. நவாபின் அதிகாரம் போய் ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றிய காலம் அது. அதிகாரம் இழந்த ஒரு சமுதாயத்தின் நடுவில், ஓர் இளைஞர் உலகப் பற்றைத் துறக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார். பிறகு திருப்பரங்குன்றத்தில் நாற்பது நாள் தனித்திருந்து கல்வத்து மேற்கொண்டார். சென்னை சென்று இராயபுரத்தில் வாழ்ந்து 1838இல் மறைந்தார். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் அவரைத் 'தொண்டியார்' என மக்கள் அழைத்ததையொட்டியே தண்டையார்பேட்டை என்னும் பெயர் வந்தது என்பர்.

தாயுமானவரின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு மஸ்தான் சாகிபு பராபரக்கண்ணி பாடினார். அது பரவிற்று, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அவர் திரட்டில் ரஹ்மான் கண்ணி, நிராமயக் கண்ணி, எக்காலக் கண்ணி, ஆனந்தக் களிப்பு, முகியத்தீன் சதகம் எனப் பல உண்டு. அவற்றுள் எக்காலக் கண்ணியை நான் தனியே குறிப்பிட விரும்புகிறேன். 'இந்தக் குறை என்னைவிட்டு எந்தக் காலத்தில் நீங்கும், இந்த நிலை எனக்கு எந்தக் காலத்தில் வாய்க்கும்' என்ற கேள்வியே அதன் போக்கு. இறைவனை நோக்கிய முனாஜாத்தாகத் தொடங்கினாலும், ஓதுபவன் தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் முஹாஸபாவாக அது மாறிவிடுகிறது. நூறு நாள் ஓதினால் நூறு முறையும் அதே கேள்வி நம் முன் நிற்கும். அதனால்தானோ என்னவோ, பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

மஸ்தான் சாகிபுவின் சில சொற்களை அகீதாவின் அளவுகோலில் வைத்து விமர்சிப்போரும் உண்டு. இறைக்காதலை மனோன்மணி என்னும் பெண்பாலில் வைத்துப் பாடியது பலருக்கு உறுத்துகிறது. அந்த ஆய்வு உலமாக்களின் பொறுப்பு. நல்லதைக் கொண்டு அல்லதை விடலாம். ஆனால், படிக்காமலே புகழ்வதும் படிக்காமலே ஒதுக்குவதும் ஒன்றுபோலவே தவறானவை. அவர் காலத்துத் தமிழ்ப் புலவரான சரவணப்பெருமாளையர், சைவராயிருந்தும், மஸ்தான் சாகிபுவின் மீது நான்மணிமாலை பாடினார். அவர் படித்துவிட்டே பாடினார் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து, நம் காலத்துக்கு அருகே வருவோம். 1919இல் பிறந்து 2015இல் மறைந்த நாகூர் ஹனிபா அவர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பாடியவர். முறையாகச் சங்கீதம் பயின்றவரல்லர். ஊர்வலத்திலும் கல்யாண வீட்டிலும் பாடிப் பழகிய குரல் அது. அரசியல் மேடையிலும் அது ஒலித்தது. நம் மாவட்டத்துக் கல்லக்குடியில் 1953இல் நடந்த போராட்டத்தைப் பற்றிய அவரது பாட்டு தமிழகமெங்கும் பரவிற்று. 1961இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார். ஆயினும் அவரை நிலைநிறுத்தியது ஆர். அப்துல் சலாம் எழுதிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற பாடலே. சமயம் கடந்து எல்லோரும் அதை விரும்பினார்கள். அதில் வியப்பில்லை. கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான், கேளுங்கள் என்று அது அழைக்கிறது. துன்பத்தில் இருக்கும் எவருக்கும் அது ஆறுதல்.

அக்கால இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே பாட முடியும். தட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்துப் பாட்டு பிடித்துவிட்டால் ஊசி தேயும்வரை அதே பக்கம் சுழலும். மறுபக்கம் புதிதாகவே இருக்கும். பின்னர் கேசட் வந்தது. கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்டிச் செல்ல வேண்டுமானால் நாடாவை ஓட்டித் தேட வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டே, சோறாக்கும் நேரத்தில் வரிசையாக எல்லாப் பாட்டையும் நம் நன்னிமார்கள் கேட்டார்கள். மௌத்தை மறந்து வாழலாமா என்று கேட்கும் பாட்டையும், பாத்திமா நாயகி (ரலி) அவர்கள் வாழ்ந்த முறை உனக்குத் தெரியுமா என்று கேட்கும் பாட்டையும் அவர்கள் அறிந்தது அப்படித்தான். இன்று கைபேசியில் விரும்பிய பாட்டை விரல் நுனியில் எடுக்கிறோம். விரும்பாததை விரல் நுனியிலேயே தள்ளுகிறோம். இவ்வளவு வசதி வந்த பிறகு, முன்பு தற்செயலாகக் காதில் விழுந்த நஸீஹத்தும் விழாமல் போயிற்று.

மேலே சொன்ன நால்வரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படுகிறது. நிலைத்து நின்றவற்றுள் பெரும்பாலானவை நாம் இறைவனிடம் கேட்கும் பாடல்கள், அல்லது நபிகளாரின் (ஸல்) சிறப்பைச் சொல்லும் பாடல்கள். ஒதுங்கிப் போனவற்றுள் பல நம்மைக் கேட்கும் பாடல்கள். உன் நஃப்ஸை அடக்கினாயா, உன் திருட்டை ஒப்புக்கொண்டாயா, உன் குறை எப்போது நீங்கும், உன் மௌத்துக்கு என்ன சேர்த்தாய் என்பவை அவை. கேட்பது தவறன்று, துஆ வணக்கத்தின் சாரம். ஆனால், கேட்கும் கை மட்டும் இருந்து கணக்குக் கொடுக்கும் மனம் இல்லாவிட்டால் ஈமானின் ஒரு பாதியே நம்மிடம் இருக்கும். அச்சமும் ஆதரவும், அதாவது கவ்ஃபும் ரஜாவும், பறவையின் இரு சிறகுகளைப் போன்றவை என நம் பெரியோர் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆதரவின் பாடல்களை வைத்துக்கொண்டு அச்சத்தின் பாடல்களை நாம் நழுவவிட்டிருக்கிறோம்.

இதற்குக் கவிஞர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் இரண்டையும் தந்தார்கள். நாமே ஒன்றை எடுத்துக்கொண்டோம். அடுத்த தலைமுறை, நாம் எடுத்ததையே முழுமை என நினைக்கிறது. மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளிடம் இதை நான் நாள்தோறும் காண்கிறேன். ஒரு பாட்டின் முதலிரண்டு அடிகளை அழகாகப் பாடுவார்கள். மூன்றாவது அடியில் நின்றுவிடுவார்கள். அவர்கள் மீது பிழையில்லை. வீட்டில் அவ்வளவே அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

ஆகவே, குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. வெள்ளி இரவில் புர்தா ஓதும் வீடுகளில் இரண்டாம் பிரிவின் பொருளை யாராவது ஒருவர் தமிழில் சொல்லட்டும். மஸ்தான் சாகிபுவின் திரட்டு வீட்டில் இருந்தால் எக்காலக் கண்ணியைத் திறந்து, புரிந்த அளவுக்குப் பிள்ளைகளுடன் வாசியுங்கள். புரியாத இடத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நன்னிமார்களும் அத்தாமார்களும் உயிரோடு இருக்கும்போதே, அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த, ஆனால் இன்று ஒலிக்காத பாடல்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பாட்டை எழுதியவர் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பாடியவர் பெயர் நிற்கிறது. எழுதிய கவிஞர் பெயர் எளிதில் மறைந்துவிடுகிறது. அதுவும் ஓர் அமானிதமே.

நம்மிடம் கேள்வி கேட்கும் சொற்களைச் செவிமடுக்கும் உள்ளத்தையும், மறுமையில் கேட்கப்படும் முன்பே நம்மை நாமே விசாரித்துக்கொள்ளும் தவ்ஃபீக்கையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. தமிழில் தீனைப் பாடிச் சென்ற பெரியோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் நற்சொற்களை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.