இந்தியத் தேனீயின் வட்டார வேறுபாடுகள்

இந்தியத் தேனீயின் வட்டார வேறுபாடுகள் என்பது, ஏபிஸ் செரானா என்னும் அறிவியல் பெயர் கொண்ட தேனீ, தான் வாழும் நிலப்பகுதிக்கு ஏற்ப உடல் அளவு, நிறம், பழக்கம், மரபணு ஆகியவற்றில் காட்டும் வேறுபாடுகளைக் குறிக்கும். இத்தேனீ மரப்பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் பல அடைகளை அடுத்தடுத்துக் கட்டுவதால், தமிழில் அடுக்குத் தேனீ என்றும் பொந்துத் தேனீ என்றும் அழைக்கப்படுகிறது. ஆப்கானிசுத்தான் முதல் சப்பான் வரையிலும், தெற்கே இந்தோனேசியத் தீவுகள் வரையிலும் இது பரவியுள்ளது. இத்தனை பரந்த நிலத்தில் வாழும் ஓர் உயிரினம் எங்கும் ஒரே வடிவில் இருப்பதில்லை.

உடல் அளவு

வடக்கே செல்லச் செல்ல, அல்லது மலை மேல் ஏற ஏற, இத்தேனீயின் உடல் பெரிதாகிறது, நிறமும் கருமையாகிறது. குளிர்ப்பகுதி விலங்குகள் பெரிய உடல் கொண்டிருக்கும் என்னும் பெர்க்மன் விதியுடன் இது பொருந்துகிறது. காசுமீரத் தேனீயின் பணித்தேனீ அறை ஏறத்தாழ 4.9 மி.மீ. அகலமுடையது, தென்னிந்தியத் தேனீயின் அறையோ 4.2 மி.மீ. அளவிலேயே உள்ளது. 0.7 மி.மீ. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அறுகோண அச்சுப் பதித்த மெழுகுத் தாளைச் சட்டத்தில் பொருத்தும் தேனீ வளர்ப்பாளருக்கு அது பெரிய வேறுபாடு. ஒரு வட்டாரத்தின் அச்சு மற்றொரு வட்டாரத்தின் தேனீக்குப் பொருந்தாது.

தேன்பெட்டியின் வரலாற்றிலும் இதே சிக்கல் எழுந்தது. ஐரோப்பியத் தேனீக்காக வடிவமைக்கப்பட்ட லாங்சுட்ராத் பெட்டி தென்னிந்தியச் சிறு கூட்டங்களுக்கு மிகப் பெரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய நியூட்டன் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார், இவ்வட்டாரத் தேனீயின் அளவுக்கேற்ற சிறிய பெட்டியை உருவாக்கினார். நியூட்டன் பெட்டி என்னும் பெயர் இவரால் வந்தது. புவியீர்ப்பு நியூட்டனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வகைப்பாடு

1988இல் ஆத்திரிய அறிஞர் பிரீடரிக் ருட்னர், இறக்கை நரம்புகளின் கோணம், நாக்கின் நீளம், கால் உறுப்புகளின் நீளம் முதலியவற்றை அளந்து, இவ்வினத்தைச் செரானா, இண்டிகா, இமாலயா, சப்போனிகா என நான்கு துணையினங்களாகப் பிரித்தார். பின்வந்த ஆய்வாளர்கள் ஆசியா முழுவதிலிருந்தும் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு 2010இல் ஆறு தொகுதிகளைக் காட்டினர். இவ்வகை ஆய்வுகளில் பயன்படும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு, பொறியியல் மாணவர்கள் படத் தரவுகளைச் சுருக்கப் பயன்படுத்தும் அதே கணக்குமுறைதான். எனினும் தொகுதிகளுக்கிடையே கூர்மையான எல்லை அமைவதில்லை. எல்லைப்பகுதித் தேனீக்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவினவாக இருக்கும்.

மஞ்சள் தேனீயும் கருந்தேனீயும்

தென்னிந்தியாவில் இவ்வேறுபாடு வேறு வடிவம் பெறுகிறது. சமவெளியில் மஞ்சள் நிறத் தேனீயும் மேற்குத் தொடர்ச்சி மலையில் கருநிறத் தேனீயும் மிகுந்துள்ளன. (மலைத்தேனீ என்னும் பெயர் பாறைகளில் ஒற்றை அடை கட்டும் வேறோர் இனத்துக்கு வழங்குவதால், இங்கு கருந்தேனீ எனப்படுகிறது.) சில இடங்களில் இரண்டும் அருகருகே வாழ்கின்றன. அவை தடையின்றிக் கலந்தால் நிற வேறுபாடு நாளடைவில் மங்கிவிட வேண்டும். அவ்வாறு நிகழவில்லை.

இழைமணி டி.என்.ஏ. தாய்வழி மட்டுமே வருவது. ஆகவே ஒரு கூட்டில் இராணியின் மக்கள் அனைவருக்கும் அது ஒன்றே. ஒரு தேனீயைச் சோதித்தாலே கூட்டின் தாய்வழி தெரியும். இம்முறையில் ஆராய்ந்தபோது, கருந்தேனீ ஆசிய நிலப்பகுதித் தேனீக்களுடன் நெருங்கியதாகவும், மஞ்சள் தேனீ தனிக் கிளையாகவும் தென்பட்டன. 2006இல் வெளியான ஓர் ஆய்வு, தென்னிந்தியாவின் இவ்விரு வகைகளும் இனப்பெருக்க வகையில் பிரிந்துள்ளன என்பதற்குச் சான்றுகளை முன்வைத்தது.

2022இல் கேரள ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கருந்தேனீயை ஏபிஸ் கரிஞொடியன் என்னும் புதிய இனமாக விவரித்தனர். 1798இல் பாப்ரீசியசு ஏபிஸ் இண்டிகா என்று பெயரிட்டதற்குப் பின், இந்தியாவிலிருந்து ஒரு தேனீ இனம் விவரிக்கப்பட இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இது தனி இனமா, வட்டார வடிவமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இறக்கை நரம்பு அளவுகள் மட்டும் இதனைத் தீர்க்கப் போதுமானவை அல்ல. முழு மரபணுத்தொகை ஒப்பீடே வழி எனலாம்.

நோயும் மரபணு வளமும்

1991-92இல் தாய் பைப்புழு நோய் தென்னிந்தியாவைத் தாக்கியது. இது 1976இல் தாய்லாந்தில் முதலில் அறியப்பட்ட தீநுண்ம நோய். புழு கூட்டுப்புழுவாக மாறும் முன்னரே நீர் நிறைந்த பை போலாகி இறக்கும். வளர்ப்புக் கூட்டங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. எஞ்சிய கூட்டங்களிலிருந்தே இன்றைய தென்னிந்தியத் தேனீ வளர்ப்பு மீண்டெழுந்தது. எதிர்ப்பாற்றல் கொண்ட கூட்டங்கள் மக்கள்தொகைக்குள் எங்கோ இருந்தமையே இதற்குக் காரணம். எல்லாக் கூட்டங்களும் ஒரே வார்ப்பாக இருந்திருந்தால் எதுவும் எஞ்சியிராது.

இரப்பர் பருவத்தில் பெட்டிகள் குமரி மாவட்டத்துக்கும் கேரளத்துக்கும் பெருமளவில் கொண்டு செல்லப்படுகின்றன. இராணி பறந்து சென்று பல ஆண் தேனீக்களுடன் கூடுவதால், பெட்டியோடு வரும் ஆண் தேனீக்களின் மரபணு உள்ளூர்க் காட்டுக் கூட்டங்களிலும் கலக்கக்கூடும். நோயும் இதே வழியில் பரவும்.

பிற விலங்குகளில்

பாலக்காட்டுக் கணவாய் பல மலை விலங்குகளுக்கு இயற்கைத் தடையாக உள்ளது. கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பகுதி யானைகள், தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகளிலிருந்து மரபணு வகையில் வேறுபடுவதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. எண்ணிக்கையில் மிகுந்த நீலகிரி யானைகளிடம் இழைமணி டி.என்.ஏ. வேறுபாடு மிகக் குறைவாக இருந்தது. நீலகிரி வரையாடுகளிலும் கணவாயின் இருபுறமும் தனித்தனி மரபுக் கிளைகள் காணப்படுகின்றன.