பட்டையில் தீட்டிய நில உரிமை

ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள ஆர்னம் லேண்டில் வாழும் யோல்ங்கு மக்களின் மரப்பட்டை ஓவியத்தை, அழிந்துபோய்ப் பின்னர் மீட்கப்பட்ட கலையாகக் கருதுவது பொருந்தாது. சடங்குகளில் இளைஞரின் மார்பிலும் பிணப்பெட்டியின் மூடியிலும் தீட்டப்பட்டுவந்த கோலங்கள், 1935இல் யிர்க்கலாவில் மெதடிஸ்ட் மிஷன் அமைந்தபின், விற்பனைக்குரிய தனிப்பட்டைகளிலும் இடம்பெறத் தொடங்கின என்பதே சரி. 'மிண்ய்ஜி' எனப்படும் இக்கோலங்கள் ஒவ்வொன்றும் ஒரு குலத்துக்கும், அக்குலத்தின் நிலத்துக்கும், அந்நிலத்தைப் படைத்த மூதாதையரின் பயணத்துக்கும் உரியவை. ஆதலால் கோலத்தைத் தீட்டுவது நிலத்தின்மீது உரிமை நாட்டுவதாகும்.

பட்டை உரிக்க மழைக்காலமே ஏற்றது. அப்போதுதான் தைலமர இனத்தைச் சேர்ந்த நார்ப்பட்டை மரத்தில் சாறு மிகுந்து பட்டை எளிதில் கழன்றுவரும். அதைத் தீயில் வாட்டி, பாரமேற்றித் தட்டையாக்கி, உட்புறத்தில் செங்காவி, மஞ்சள் காவி, வெண்களிமண், கரி ஆகியவற்றால் வரைவர். நிறம் உதிராதிருக்க முன்பு ஆர்க்கிட் செடியின் சாற்றைச் சேர்த்தனர், இன்று மரவேலைப் பசையைச் சேர்க்கின்றனர். நெருக்கமான குறுக்குக் கோடுகளை இழுக்க உதவுவது 'மார்வட்', அதாவது மனிதத் தலைமுடியின் சில இழைகளைக் குச்சியில் கட்டிய தூரிகை. அக்கோடுகளின் மினுமினுப்பில் மூதாதையரின் ஆற்றல் ஒளிர்வதாக யோல்ங்கு மக்கள் கொள்வர். அழகுக்காக மட்டுமே இடப்பட்டவை என அவற்றைப் பார்ப்பவர் ஓவியத்தின் பாதியைத் தவறவிடுகிறார்.

1963இல் பாக்சைட் சுரங்கத்துக்காக 300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தை, அங்கு வாழ்ந்தோரைக் கேளாமலே அரசு, பூர்வகுடிகளுக்கான காப்பு நிலத்திலிருந்து பிரித்தபோது, இக்கோலங்களின் பொருள் வெளியுலகுக்குத் தெரியவந்தது. மனிதர், நிலம், விலங்கு என அனைத்தையும் தம்முள் அடக்கும் துவா, யிரிட்ஜா என்னும் இரு பெரும் பிரிவுகளின் மூத்தோர், அதே காலத்தில் தேவாலயத்துக்காக ஏறத்தாழ 12 அடி உயரப் பலகைகள் இரண்டில் தத்தம் குலங்களின் கோலங்களைத் தீட்டியிருந்தனர். நிலம் பிரிக்கப்பட்டதை எதிர்த்து அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பட்டை மனுக்களில், குமாட்ஜ் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சிட்ட தாள் நடுவில் ஒட்டப்பட்டிருக்க, சுற்றிலும் கோலங்கள் தீட்டப்பட்டிருந்தன. ஆங்கிலச் சட்டத்தின் எழுத்தும் யோல்ங்கு சட்டத்தின் எழுத்தும் ஒரே பட்டையில் சமமாக நின்றன. ஆயினும் சுரங்கம் வந்தது. 1971இல் நீதிமன்றமும் உரிமையை மறுத்தது. 1976இல்தான் வடக்குப் பிரதேசத்துக்கு நில உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தேவாலயப் பலகைகளோ 1970களில் வெளியே எறியப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டு, இன்று யிர்க்கலாவின் புகு-லார்ங்கை முல்கா கலை மையத்தில் காக்கப்படுகின்றன.

1996இல் கடலோரப் புனிதத் தலமொன்றில், அத்துமீறி மீன்பிடித்தோரின் முகாமில், வெட்டுண்ட முதலைத் தலை கிடந்தது. முதலையை மூதாதையாகப் போற்றும் குலத்தோர் வெகுண்டனர். அவர்களும் அண்டைக் குலத்தோரும் கடல்மீதான தம் உரிமையைக் காட்ட 80 பட்டைகளைத் தீட்டினர். அதே கரையிலுள்ள புளூ மட் விரிகுடாவைப் பற்றிய வழக்கில், பூர்வகுடி நிலத்தின்மேல் ஏறியிறங்கும் ஓதநீரில் உரியவரின் இசைவின்றி மீன்பிடிக்க இயலாது என உயர் நீதிமன்றம் 2008 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது.