உரிமைக் கோரிக்கை (சிவில் வழக்கு)

உரிமைக் கோரிக்கை என்பது, சட்டம் தனக்களித்த உரிமை பிறரால் பங்கமுற்றதைக் காட்டும் சங்கதிகளை எடுத்துரைத்து, அதற்குரிய பரிகாரத்தை வாதி நீதிமன்றத்தில் வேண்டுவதாகும். வழக்குமூலமும், அது உதித்த காலமும், கேட்கும் பரிகாரமும் பிராதில் விளங்க வேண்டுமென்பது 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தின் விதி. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி, கசிந்த எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் கருமையாய்ப் படிந்தபோது, மீனவரின் துயரம் பிரத்யட்சமாயிருந்தும், இன்னாருடைய படகு, இன்ன வலை, இத்தனை நாள் வருமானம் என்று விவரித்தாலன்றி அது நஷ்டஈட்டுக் கோரிக்கையாக உருப்பெறாது என்பதே ஏழையின்மீது சட்டம் சுமத்தும் பெரும் பாரம். கடற்கரைக்குக் கப்பல் விளைக்கும் சேதத்தைக் கடல்சார் கோரிக்கையாக ஏற்று, அக்கப்பலையே தடுத்துவைக்க உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரமளிக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், இவ்விபத்துக்குப் பின், 2018 ஏப்ரல் 1 அன்றுதான் அமலுக்கு வந்தது.