தமிழ்நாடு இறையியல் கல்லூரி மாணவர்கள்

தமிழ்நாடு இறையியல் கல்லூரி என்பது மதுரையில் ஆரப்பாளையத்தை அடுத்த அரசரடியில் உள்ள கிறித்தவக் கல்வி நிறுவனம் ஆகும். தென்னிந்தியத் திருச்சபையும் தமிழ்நாட்டு லுத்தரன் திருச்சபைகளும் இணைந்து 1969 இல் இதனை நிறுவின. நாசரேத்தை அடுத்த திருமறையூரில் இயங்கிய இறையியல் கல்லூரி இதனுடன் இணைந்தது. பட்டங்களைச் செராம்பூர் பேரவை வழங்குகிறது. இக்கட்டுரை இங்கு பயிலும் மாணவர்களின் பின்னணியைப் பற்றியது.

சேர்க்கை

பி.டி. எனப்படும் இறையியல் பட்டம், பெயரில் இளநிலையாயினும், பெரும்பாலும் வேறொரு பட்டம் பெற்றவர்கள் பயில்வது. பொறியியல் கல்லூரியைப் போல மதிப்பெண்ணால் மட்டும் இதில் இடம் கிடைப்பதில்லை. ஆயர் பணிக்கு வருபவரை அவரது திருமண்டலமே தெரிந்தெடுத்து அனுப்புகிறது. எனவே வகுப்பறையின் அமைப்பு பெருமளவு திருச்சபையின் அமைப்பையே ஒத்திருக்கும். தென்மாவட்டத் திருமண்டலங்களில் நாடார் சமூகத்தினர் மிகுதி. ஆற்காடு லுத்தரன் திருச்சபையில் தலித் மக்கள் மிகுதி.

பயிற்றுமொழி

இந்தியாவில் பி.டி. பெரும்பாலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. இங்கு தமிழில் கற்பிக்கப்படுவதால், சிற்றூர்ப் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கும் இப்பட்டம் எட்டுகிறது. படிப்பின் ஒரு பகுதியை மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே, ஏழை மக்களின் குடியிருப்புகளில் தங்கிப் பயில்வதும் உண்டு. இங்கு ஆசிரியராயிருந்த, 'பரட்டை' என அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (இறப்பு 2005), நாட்டுப்புற இசையில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தவர்.

சாதிக் கணக்கு

மாணவர்களின் சாதிப் பின்னணியைச் சான்றிதழ்களைக் கொண்டு அறிவது கடினம். 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. பின்னர் சீக்கியர்களும் (1956) பௌத்தர்களும் (1990) சேர்க்கப்பட்டனர், கிறித்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஆகவே ஒரே வகுப்பில் பயிலும் நாடார் மாணவரும் தலித் மாணவரும் அரசுச் சான்றிதழில் ஒரே பிரிவினராகக் காணப்படலாம். ஊரில் இருவரின் நிலையும் ஒன்றல்ல. தலித் இறையியல் இக்கல்லூரியில் வேரூன்றியதையும் தலித் ஆதார மையம் இங்கு அமைந்ததையும் இதனோடு சேர்த்தே நோக்க வேண்டும்.

பெண்கள்

பெண்கள் இறையியல் பயில்வதும் ஆயராக அருட்பொழிவு பெறுவதும் வெவ்வேறு செய்திகள். தென்னிந்தியத் திருச்சபையில் முதன்முதலாக 1976 இல் எலிசபெத் பால் ஆயரானார். முதல் பெண் பேராயரான புஷ்பலலிதா 2013 இல்தான் நந்தியாலில் பொறுப்பேற்றார். இடைப்பட்ட காலம் 37 ஆண்டுகள். ஒரு பெண்ணைக் கல்லூரி சேர்த்துக் கொண்டாலும், படிப்பு முடிந்தபின் அவரை ஆயராக அமர்த்துவது திருமண்டலத்தின் முடிவே.