தமிழ்த் திருச்சபை வழிபாட்டில் கீர்த்தனை

சமய உண்மை செவிவழிப் புகுதல் ஒன்று. அது நெஞ்சிற் பதிந்து ஒழுக்கமாக மலர்தல் பிறிதொன்று. முன்னதைப் பின்னதாக்குதல் வழிபாட்டின் பணியாகும். தமிழகத்துப் புராட்டஸ்டண்டுத் திருச்சபையில் கீர்த்தனை இப்பணியை எவ்வாறு ஆற்றிற்று, எவ்வெல்லையில் நின்றது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு முதலாய செருமானியத் தொண்டர் தம் நாட்டு ஞானப்பாடல்களைத் தமிழிற் பெயர்த்து, அந்நாட்டு மெட்டுக்களிலேயே பாடுவித்தனர். பின்வந்த பப்ரிசியுசும் இத்துறையில் பெரிதும் உழைத்தார். அப்பாடல்களின் பொருட்சிறப்பு மறுக்கற்பாலதன்று. எனினும், அம்மெட்டுக்கள் சொல்லழுத்தத்தைத் தழுவி நடப்பன. தமிழ்ச் செய்யுளோ குறில் நெடில் அளவினையும் எதுகை மோனைகளையும் பற்றி நடப்பது. குறில் நீளவும் நெடில் குறுகவும் நேர்ந்தவிடத்துச் சொல் தன் இயல்பினை இழந்தது; பொருளும் செவியில் எளிதிற் படவில்லை.

இக்குறை நீக்கியவருள் தலைசிறந்தவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864). திருநெல்வேலியிற் பிறந்து, தஞ்சையிற் சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற இவர், பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியருமாவர். இவர் கையாண்ட கீர்த்தனை பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புக்களையுடையது. சரணங்கள் பொருளை விரித்துச் செல்ல, பல்லவி மீண்டும் மீண்டும் வந்து கருப்பொருளை நிலைநிறுத்தும். ஆதலின் எழுத்தறியாதாரும் அதனைப் பற்றிக்கொண்டு பாடுதல் இயலும். கேட்போர் பாடுவோராயினர், கோயிலிற் பாடியது இல்லத்திற்கும் உடன்சென்றது. ஆன்மிக வளர்ச்சிக்குக் கீர்த்தனை அளித்த ஊட்டம் இதுவே எனக் கருதுகின்றோம்.

ஆயினும், வரலாற்றின் மறுபக்கத்தை நாம் மறைத்தல் கூடாது. 1829ஆம் ஆண்டையொட்டித் தஞ்சையில் எழுந்த பூசலில், புதிய தொண்டர் தமிழிசையையும் விழாக்களில் மலர் சூட்டுதலையும் விலக்க முற்பட்டமையைச் சாத்திரியார் கடிந்தார். பழைய விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்துதலையும் எதிர்த்தார். இவற்றோடு, சாதி வேறுபாடின்றி அனைவரும் நற்கருணையில் ஒருங்கே பங்குகொள்ளுதலையும் அவர் கொடுமையென்றே எண்ணினார். கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சனோ, திருச்சபையிற் சாதிவேற்றுமையை அறவே விட்டொழிக்குமாறு 1833இற் பணித்தார். பண்பாட்டுரிமையும் சாதிப்பற்றும் ஒரே குரலிற் கலந்தொலித்தமையின், இருசாராரும் அவற்றைப் பிரித்தறியத் தவறினர். தமிழிசையை விலக்க முனைந்தோர் சமன்மையைப் போற்றினர். தமிழிசையைக் காத்தவரோ சமன்மையை ஏலாராயினர்.

1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப்பு கீர்த்தனைகளைத் தொகுத்து வழிபாட்டிற்கென வெளியிட்டார். பிற்காலத்தில் ஞானப்பாடலும் கீர்த்தனையும் ஒரே வழிபாட்டில் இடம்பெறலாயின. இசைபற்றிய வழக்கு இவ்வாறு தீர்ந்தது. ஆனால், ஒரே பல்லவியை ஒருங்கு பாடியோர் ஒரே பந்தியில் ஒருங்கு அமர்தல் அதனால் தானே கைகூடவில்லை. நாவிற்குத் தன்மொழியை மீட்டளித்தது கீர்த்தனை. நெஞ்சினை அயலார்க்குத் திறக்கும் கடமை பாடியோரிடமே எஞ்சி நின்றது. இவ்விரண்டும் இயைந்தவிடத்தன்றி வழிபாடு முழுப்பயன் தருவதில்லை என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிபு.