கண்டி வாவியைச் சுற்றி ஒரு நடை

கண்டிக்குச் செல்லும்போதெல்லாம் அதிகாலையில் எழுந்து வாவியை ஒருமுறை சுற்றிவருவது என் வழக்கம். மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான சுற்று. நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தலதா மாளிகையின் எதிரே தொடங்கி, மரநிழலில் நீரை ஒட்டியே செல்லும் பாதை அது. வாகன நெரிசல் தொடங்குமுன் நடப்போரும் ஓடுவோரும், ஒன்றிரண்டு துவிச்சக்கரவண்டிக்காரரும் எதிர்ப்படுவர்.

சென்றமுறை கரையோரத்து மேகச்சுவரின் அருகே, வழிகாட்டி ஒருவர் சுற்றுலாப் பயணிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இந்த வாவியை வெட்டியவன் ஒரு கொடுங்கோலன், எதிர்த்தவர்களைக் கழுவேற்றினான், அவன் ஒரு தமிழன் என்றார். மூன்றே வாக்கியங்களில் வரலாறு முடிந்துவிட்டது.

வாவி இருக்குமிடம் அன்று வயல்வெளி. அதை நீர்நிலையாக்கியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பணி 1807இல் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்வர். கண்டி அரசின் உள்விவகாரங்களைக் கூர்ந்து கவனித்துவந்த பிரித்தானிய அதிகாரி ஜோன் டொய்லி, அணைக்கட்டு 1810க்கும் 1812க்கும் இடையில் கட்டப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். அணையின் மேல் ஒரு வழியும் அமைந்தது. மன்னன் மறுகரையிலுள்ள மல்வத்தை விகாரைக்குச் செல்வதற்கான வழி அது. நாம் இன்று உலாவும் சுற்றுப்பாதையின் முதல் துண்டு அதுவே எனலாம்.

வேலை செய்தவர்கள் ராஜகாரிய முறையில் அழைத்துவரப்பட்ட குடிமக்கள். காணிக்கு ஈடாக அரசனுக்கு உழைக்கவேண்டிய கட்டாயம் அது. மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற கதை இன்றும் வழங்குகிறது. எகலப்பொலையின் பிள்ளைகளை 1814இல் கொல்வித்த மன்னனைப் பற்றி அப்படியொரு கதை பிறந்ததில் வியப்பில்லை. அவனுக்காக நான் வாதாட வரவில்லை.

ஆனால் "தமிழன்" என்ற அந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட அவன், மதுரை நாயக்கர் வழிவந்தவன். கண்டியில் பௌத்தத்தின் காவலனாகவே முடிசூடியவன். தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவன் காலத்ததே. 1815 மார்ச் 2ஆம் திகதி கையெழுத்தான கண்டி உடன்படிக்கையோ அவனை "மலபார்" அரசன் என்று குறிப்பிட்டு, அவனது கொடுமைகளை முதல் வாசகத்திலேயே காரணமாகக் காட்டி, அவனுடைய உறவினருக்கும் நாட்டில் இடமில்லையென்று விதித்தது. தனியொருவனின் குற்றத்தோடு அவனது இனமும் அங்கே தண்டனைக்குள்ளானது.

அந்தக் கொடுமையை அகற்ற வந்ததாகச் சொன்னவர்கள் என்ன செய்தார்கள்? ஆளுநர் எட்வேர்ட் பார்ண்ஸ் 1820களில் கொழும்பு - கண்டி வீதியை அமைத்தபோது, மலையைக் குடைந்ததும் அதே ராஜகாரிய உழைப்புத்தான். வீதியை அமைத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் நினைவுக் கோபுரம் எழுப்பினார்கள். மண் சுமந்தவர்களுக்கு அங்கும் பெயரில்லை, இங்கும் பெயரில்லை.

வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட மன்னன் 1832 ஜனவரி 30ஆம் திகதி இறந்தான். கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி ராஜகாரியம் ஒழிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

வழிகாட்டியிடம் இவற்றையெல்லாம் சொல்ல வாய்த்தது. அவர் மறுக்கவில்லை. "ஐயா, அவங்களுக்குப் பத்து நிமிஷந்தான் இருக்குது" என்றார். பேருந்தில் ஏறப் பயணிகள் விரைந்தார்கள்.

நான் நடையைத் தொடர்ந்தேன். மேகச்சுவர் வாவியின் ஒரு பகுதியோடு நின்றுவிடுகிறது. மன்னன் பிடிபட்டதால் அது முற்றுப்பெறவில்லை. அதற்கப்பால் சுவரின்றியே பாதை செல்கிறது. கல் வைத்தவர்கள் அன்று வீடு திரும்பியிருப்பார்கள். சில ஆண்டுகளில் வீதி வேலைக்கு அவர்களை மறுபடியும் அழைத்திருப்பார்கள்.