ஒராங் அஸ்லி: ஒரு பெயரின் வரலாறு

மலாய் மொழியில் ‘ஒராங்’ என்பது மனிதரைக் குறிக்கும். குரங்கினமொன்றுக்கு வழங்கும் ஒராங் உத்தான் என்னும் பெயரால் அச்சொல்லை நாம் முன்னரே அறிவோம். காட்டு மனிதன் என்பதே அதன் பொருள். ‘அஸ்லி’யும் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. வேர், மூலம் எனப் பொருள்படும் அறபுச் சொல்லடியாகப் பிறந்தது அது. தமிழில் வழங்கும் ‘அசல்’ என்பதும் அவ்வடியினின்றே வந்தது. எனவே ஒராங் அஸ்லி என்பார் மூலக்குடிகள். மலாயாத் தீபகற்பத்தின் மிகப் பழைய மக்களைச் சுட்டக் கடல் கடந்து வந்த சொல்லே பயன்பட்டமை விந்தையே.

இப்பெயர் அம்மக்கள் தமக்குத் தாமே இட்டதன்று. செமாய், தெமியார், தெமுவான், ஜக்குன் என அரசு வகுத்த 18 குழுவினருள் ஒவ்வொருவருக்கும் தனிப்பெயருண்டு. அவர்களுட் பெரும்பிரிவொன்றுக்கு ஆய்வாளர் இட்ட ‘செனோய்’ என்னும் பெயர், மனிதர் எனப் பொருள்படும் அம்மக்களின் சொல்லினின்றே எடுக்கப்பட்டது. தம்மை மனிதர் என்றே அழைத்துக்கொண்டோரை வெளியார் ‘சக்காய்’ என்றனர். அடிமை, ஏவலாள் என்னும் இழிபொருள் அதிலே தொனித்தது. அவர்தம் குடியிருப்புகளைத் தாக்கிச் சிறுவரையும் பெண்களையும் அடிமைகளாகக் கவர்ந்து சென்ற காலத்தின் வடு அச்சொல். பிரித்தானிய அதிகாரிகளும் அதனையே தயக்கமின்றி எழுதிவந்தனர்.

அப்பெயரை அரசு கைவிட்டமைக்கு அறவுணர்வு மட்டுமே காரணம் என நாம் கருதவில்லை. 1948இல் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டதும் காடு போர்க்களமாயிற்று. கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் உணவுக்கும் வழிகாட்டலுக்கும் அம்மக்களை நாடினர். ‘அசால்’, அதாவது மூலத்தவர், என மதிப்புடன் அழைத்தனர். அரசோ முதலில் அவர்களைக் காட்டினின்று பெயர்த்து முகாம்களில் அடைத்தது. நோயாலும் ஏக்கத்தாலும் பலர் மாண்டனர். பின்னரே அவர்தம் நல்லெண்ணத்தைப் பெறுதல் இன்றியமையாதது என்பது உணரப்பட்டது. 1960களில் ஒராங் அஸ்லி என்பது அரசின் வழக்காக நிலைபெற்றது.

பெயர் உயர்ந்தது, நிலம்? 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கு நிலத்தில் அவர்கள் குடியிருக்க இடமளித்ததேயன்றி உரித்து வழங்கவில்லை. மாநில அரசு விரும்பின் அவ்வொதுக்கீட்டை நீக்கலாம். 1995இல் சிலாங்கூரில் நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் மக்கள் சிலர் வெளியேற்றப்பட்டபோது வீட்டுக்கும் மரத்துக்கும் பயிருக்கும் பணம் கொடுக்கப்பட்டது, மண்ணுக்குக் கொடுக்கப்படவில்லை. சகோங் தாசியும் அவரைச் சார்ந்தோரும் வழக்குத் தொடுத்தனர். வழிவழி வாழ்ந்த அந்நிலத்தில் அவர்களுக்கு உடைமையுரிமை உண்டென 2002இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.